பழைய பியானோ வாங்கப் போகிறீர்களா? முதலில் பிருடைகளைப் பாருங்கள்

"பணமே வேண்டாம், வந்து எடுத்துக்கொண்டு போனால் போதும்" என்று யாராவது ஒரு பழைய பியானோவைக் காட்டினால் மனசு உடனே சரி என்று சொல்லிவிடும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. பழுப்பு நிறத்தில் மின்னும் பெட்டி, முன்பக்கம் மெழுகுவத்தி வைக்க இரண்டு பித்தளைக் கைகள், மூடியின் உள்ளே தங்க எழுத்தில் கம்பெனிப் பெயர். பார்த்த கையோடு வண்டி பேசி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். டியூனர் வந்து நான்கு மணி நேரம் உட்கார்ந்து சுருதி சேர்த்தார். இரண்டே வாரத்தில் நடு ஸ்தாயி முழுக்க இறங்கிப் போயிற்று. அவர் மறுபடி வந்தார். கம்பியை முறுக்கி நிறுத்தும் பிருடையில் சுருதிச் சாவியை மாட்டி, ஒற்றை விரலால் அதைத் திருப்பிக் காட்டினார். "மரம் பிடிக்கவில்லை. நான் எத்தனை தடவை ஏற்றினாலும் இறங்கத்தான் செய்யும்" என்றார்.

அந்தப் பியானோ கடைசிவரை சரியாகவில்லை. அதைக் கழற்றிப் பார்த்துத்தான் இந்த வாத்தியத்தைப் படித்தேன். இரண்டாவதாக வாங்கியதன் பெட்டி முழுக்கக் கீறல், தண்ணீர்க் குவளை வைத்த வெள்ளை வட்டங்கள். ஆனால் பிருடைகள் இறுக்கமாக இருந்தன. இன்றுவரை வீட்டில் வாசிப்பது அதைத்தான். பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள் என்பதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

உள்ளே எது எலும்பு, எது தேயும் பொருள்

கீகள் 88 என்றாலும் கம்பிகள் ஏறத்தாழ 230 இருக்கும். அடி மந்தரத்தில் ஒரு சுரத்துக்குத் தாமிரம் சுற்றிய ஒற்றைக் கம்பி. கொஞ்சம் மேலே வந்தால் இரண்டிரண்டு. அதற்கப்புறம் உச்சி வரைக்கும் மும்மூன்று. ஒவ்வொரு கம்பியும் 70, 80 கிலோ இழுவையில் நிற்கிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 15 டன்னுக்கு மேல் போய்விடும். அந்தப் பாரத்தைத் தாங்குவது உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டம். கம்பியின் ஒரு முனை சட்டத்தில் மாட்டியிருக்கிறது, மறுமுனை பிருடையில் சுற்றியிருக்கிறது. வீணையில் பிருடை என்கிறோமே, அதே வேலைதான், இங்கே எஃகில். இந்தப் பிருடைகள் இறங்கியிருக்கும் கனமான மரப்பலகையை டியூனர்கள் பின்பிளாக் என்பார்கள். பிருடையை அங்கே நிறுத்தி வைக்க நட்டு கிடையாது, பூட்டு கிடையாது. மரத்துளை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறதோ அவ்வளவுதான். பல ஆண்டுகள் ஈரமும் வறட்சியும் மாறி மாறி அடித்து, அந்த மரம் விரிசல் விட்டாலோ துளைகள் தளர்ந்துவிட்டாலோ சுருதி நிற்காது.

கம்பியின் அதிர்வு, அதைத் தாங்கி நிற்கும் குதிரை என்ற மரத்துண்டு வழியாக ஒலிப்பலகைக்கு இறங்குகிறது. ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த, ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத அந்தப் பலகைதான் அறை முழுக்கக் கேட்கும் ஒலியைத் தருகிறது. இரும்புச் சட்டம், பின்பிளாக், குதிரை, ஒலிப்பலகை, இந்த நான்கும் எலும்பு. கம்பியை அடிக்கும் சுத்தியல்களின் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி), கீகளுக்கு அடியில் இருக்கும் துணி, தோல், நாடா, சின்னச் சின்ன ஸ்பிரிங் எல்லாம் தேயும் பொருள்கள். தேய்ந்ததை மாற்றலாம், பொறுமை இருந்தால் நீங்களே மாற்றலாம். எலும்பு போனால் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பெட்டி நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் செலவு வாத்தியத்தின் மதிப்பைத் தாண்டிவிடும்.

எதைத் தேடலாம், எதை விட்டுவிடலாம்

முதல் பியானோ என்றால் உயரமான அப்ரைட்டைத் தேடுங்கள். 115 முதல் 130 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் நல்லது. உயரம் கூடக் கூட மந்தரக் கம்பி நீளும், அடிச் சுரங்கள் தகரம் போல ஒலிக்காது. ஒரு மீட்டருக்கும் குட்டையான சில மாடல்களில், கீயின் அழுத்தத்தைச் சுத்தியலுக்குக் கொண்டுசேர்க்கும் ஆக்‌ஷன் கீகளுக்குக் கீழே தொங்கும் அமைப்பு இருக்கிறது. ஒரு சுத்தியலைத் தொட வேண்டுமென்றால்கூடப் பாதி வாத்தியத்தைப் பிரிக்க வேண்டும். புதியவர்களுக்கு அது வேண்டாம்.

மேல் மூடியைத் திறந்தால் இரண்டு விஷயம் உடனே தெரியும். ஒன்று, மந்தரக் கம்பிகள் மற்றக் கம்பிகளின் மேல் குறுக்காகப் போகிறதா என்று பாருங்கள். எல்லாக் கம்பியும் நேராக மேலிருந்து கீழே ஒரே வரிசையில் போனால் அது பழைய நேர்க்கம்பி அமைப்பு. கம்பிகள் படுக்கையாக இருக்கும் கிராண்ட் பியானோவில் குறுக்குக் கம்பி அமைப்புக்கு ஸ்டைன்வே கம்பெனி காப்புரிமை பெற்றது 1859-ல். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நேர்க்கம்பி அப்ரைட்டுகள் செய்துகொண்டுதான் இருந்தார்கள். இரண்டாவது, கீயை விட்டதும் கம்பியின் ஒலியை அடக்கும் டேம்பர்கள் எங்கே இருக்கின்றன என்பது. சுத்தியல்களுக்கு முன்னால் கம்பிக் கூண்டு போல வரிசையாகக் கம்பிகள் நின்று, டேம்பர்கள் சுத்தியலுக்கு மேலே இருந்தால் அந்தப் பியானோவை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் டேம்பரால் கம்பியின் அதிர்வைச் சரியாக அடக்க முடியாது. சுருதி சேர்க்கவும் கை நுழையாது. டேம்பர்கள் சுத்தியலுக்குக் கீழே இருப்பதுதான் நல்ல அமைப்பு.

85 கீகள்தான் இருக்கின்றன என்று தயங்க வேண்டாம். 88 என்பது 1880-களுக்குப் பிறகு மெல்ல மெல்லப் பொதுவானது. விட்டுப்போன மூன்றும் உச்சியில் இருப்பவை, கற்றுக்கொள்ளும் காலத்தில் அவை தேவைப்படவே படாது.

பார்க்கப் போகும் நாள்

கையில் ஒரு டார்ச், ஒரு சின்னக் கண்ணாடி, போனில் ஒரு டியூனர் ஆப், அளவு நாடா. இவை போதும். போனவுடன் வாசிக்க உட்காராதீர்கள். முதலில் கேளுங்கள்: கடைசியாக எப்போது சுருதி சேர்த்தார்கள்? எந்த அறையில், எந்தச் சுவரோரம் நின்றது? தண்ணீர் புகுந்ததா? "பத்து வருஷமாக யாரும் தொடவில்லை" என்பது பலவீனமாகத் தோன்றும், ஆனால் அதில் பயன் இருக்கிறது. பத்து வருஷம் தொடாமலும் சுருதி ஓரளவு சேர்ந்தே இருந்தால் பிருடைகள் நன்றாகப் பிடித்திருக்கின்றன என்று அர்த்தம்.

அப்புறம் அடியிலிருந்து உச்சி வரை ஒவ்வொரு கீயாக, கறுப்பையும் விடாமல், மெதுவாக ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை அழுத்துங்கள். ஒட்டும் கீ, திரும்பாத கீ, இரண்டு சுரம் சேர்ந்து ஒலிப்பது, விட்ட பிறகும் நிற்காமல் ஒலிப்பது எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இவை எதுவும் பயப்பட வேண்டியவை அல்ல. பயப்பட வேண்டியது வேறு. ஒரு கீயை அழுத்தும்போது அதன் மூன்று கம்பிகளும் ஒன்றோடொன்று சேராமல் "வாவ் வாவ்" என்று அலையடிக்கும். வாத்தியம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம் அலையடித்தால் அது வெறும் காலத்தின் வேலை. பெரும்பாலும் சேர்ந்திருந்து, அங்கங்கே நான்கைந்து சுரங்கள் மட்டும் கண்டபடி விலகியிருந்தால், அந்த இடத்துப் பிருடைகள் வழுக்குகின்றன.

போனில் ஆப்பைத் திறந்து நடு ஸ்தாயியின் ஏ சுரத்தைப் பாருங்கள். இன்றைய அளவு 440 ஹெர்ட்ஸ்; 1939-ல் லண்டனில் நடந்த சர்வதேச மாநாட்டில் ஒப்புக்கொண்ட அளவு அது. பிரான்சில் 1859-ல் சட்டம் போட்டு 435 என்று வைத்திருந்தார்கள், ஆகவே மிகப் பழைய வாத்தியம் கொஞ்சம் கீழே நின்றால் அதிசயமில்லை. 20, 30 சென்ட் இறங்கியிருந்தால் சாதாரணம். 100 சென்ட், அதாவது முழு அரைச் சுரம் இறங்கியிருந்தால், மேலே ஏற்றும்போது துருப்பிடித்த கம்பிகள் அறுபடும் வாய்ப்பு உண்டு என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெட்டியைத் திறக்கலாம். மேல் மூடியைத் தூக்கினால் உள்ளே இரண்டு பக்கமும் திருகும் மரத்தாழ்ப்பாள் இருக்கும். அதைத் திருப்பினால் முன்பலகை உங்கள் பக்கம் சாய்ந்து கையோடு வந்துவிடும். கீழ்ப்பலகைக்குக் கீகளுக்கு அடியில் ஒரு தகட்டு ஸ்பிரிங் இருக்கும், மேல்நோக்கி அழுத்தினால் பலகை விடுபடும். டார்ச்சைப் பிருடைகள் மேல் அடியுங்கள். எல்லாம் ஒரே அளவில், ஒரே உயரத்தில் இருக்கிறதா? சில மட்டும் தடித்திருந்தால் அந்த இடம் முன்பே தளர்ந்து, பெரிய பிருடை போட்டிருக்கிறார்கள். சில மட்டும் ஆழமாக உள்ளே அடித்து இறக்கப்பட்டு, கம்பிச் சுருள் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதுவும் தளர்ச்சியை மறைக்கச் செய்ததுதான். பிருடையைச் சுற்றி எண்ணெய் கசிந்தது போலக் கறை தெரிந்தால், பிடிப்பதற்காக ஏதோ திரவம் ஊற்றியிருக்கிறார்கள். இந்த மூன்றில் ஒன்று பரவலாகத் தெரிந்தாலும் நான் திரும்பி வந்துவிடுவேன். தளர்ந்த பிருடைகள் நாலைந்துதான் என்றால் டியூனர் ஒரு அளவு தடித்ததைப் போட்டோ, நீர் போன்ற சூப்பர் குளூவைத் துளிகளாக இறக்கியோ காப்பாற்றிவிடுவார்.

அடுத்து குதிரைகள், முக்கியமாக மந்தரக் குதிரை. கம்பியை வளைத்துப் போக வைக்கும் சின்ன ஊசிகளின் வரிசை நெடுக விரிசல் ஓடி, ஊசிகள் சாய்ந்திருந்தால் அது பெரிய வேலை. இரும்புச் சட்டத்தில் விரிசல் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. ஒலிப்பலகையில் விரிசல் இருந்தால் மட்டும் உடனே ஓடிவிடாதீர்கள்; நிறையப் பேர் இதில்தான் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். பின்பக்கம் குறுக்குச் சட்டங்கள் பலகையோடு ஒட்டியிருந்து, வாசிக்கும்போது கிறுகிறு சத்தம் வராதிருந்தால், விரிசலோடே ஐம்பது வருஷம் பாடும் பியானோக்கள் இருக்கின்றன.

மரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஓட்டையும் அதன் கீழே மாவு போன்ற தூளும் தெரிந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அதை மற்ற மரச்சாமான்கள் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஃபெல்ட்டை அந்துப்பூச்சி அரித்திருப்பதும், கீகளுக்கு அடியில் எலி கூடு கட்டியிருப்பதும் அருவருப்பாக இருந்தாலும் சரி செய்யக்கூடியவை. ஆனால் எலி சிறுநீர் பட்டுக் கம்பியும் பிருடையும் துருவேறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்துப் பிடித்துப்போனால், ஒரு டியூனருக்குக் கூலி கொடுத்து அழைத்துவந்து சாவியால் பத்திருபது பிருடைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு செலவைச் செய்திருந்தால் என் முதல் பியானோ வீட்டுக்கே வந்திருக்காது.

தூக்கிவருவது

அப்ரைட் ஒன்று 200 முதல் 300 கிலோ வரை இருக்கும். அந்தக் கனத்தில் பெரும்பகுதி பின்பக்கத்து இரும்பில் இருப்பதால், தள்ளும்போது பின்னால் சாயத்தான் பார்க்கும். முன்கால்கள் பெரும்பாலும் அழகுக்கு; அவற்றில் பாரம் இறங்கினால் படக்கென்று ஒடியும். பியானோ தூக்கிப் பழகிய ஆட்களைக் கூப்பிடுங்கள். நண்பர்கள் நான்கு பேர் போதும் என்ற நினைப்பு, குறிப்பாகப் படிக்கட்டில், உயிருக்கே ஆபத்து. சமதரையிலும் அடியில் இருக்கும் சின்னச் சக்கரங்களை நம்பி உருட்டாதீர்கள். நாலு சக்கரத் தள்ளுபலகையில் ஏற்றிக் கட்டித்தான் நகர்த்த வேண்டும்.

வீட்டில் வெயில் நேராக விழாத, ஏசி காற்று மேலே படாத, ஈரம் ஏறாத சுவரோரம் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் நிலையாக இருப்பது நல்லது. எண்ணைவிட நிலையாக இருப்பதுதான் முக்கியம். ஒரு சின்ன ஈரப்பதமானியை மேலே வைத்துவிடுங்கள். அப்புறம் மூன்று நான்கு வாரம் சுருதியைத் தொடவே கூடாது. மரம் புது அறைக்குப் பழகட்டும். அந்த வாரங்கள் வீணாகப் போகாது, சுத்தம் செய்ய அவ்வளவு நாள் வேண்டும்.

சுத்தம் செய்வது

அப்ரைட்டின் ஆக்‌ஷனை மொத்தமாக வெளியே எடுக்கலாம். மேலே மூன்று நான்கு குமிழ்த் திருகுகள் அதைப் பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றி, பெடல் தண்டு சிக்காமல் பார்த்து, மெதுவாக உங்கள் பக்கம் சாய்த்து, இரண்டு பக்கத்து இரும்புத் தாங்கிகளையும் பிடித்து நேராகத் தூக்க வேண்டும். சுத்தியல் எதன்மேலும் கை படக் கூடாது. வெளியே எடுத்ததும் சாயாமல் நிற்க முன்கூட்டியே ஒரு தாங்கி தயார் செய்துவிடுங்கள். கிராண்ட் என்றால் கீகளோடு சேர்ந்து ஆக்‌ஷன் முன்னால் சறுக்கி வரும். இழுக்கும்போது ஒரே ஒரு கீயைத் தெரியாமல் அழுத்திவிட்டாலும் சுத்தியலின் கழுத்து ஒடிந்துவிடும். கிராண்டை முதல் தடவை டியூனர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஆக்‌ஷன் வெளியே வந்ததும் கீகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கி எடுக்கலாம். ஒவ்வொன்றிலும் எண் குத்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் பென்சிலால் எழுதிவிடுங்கள். இப்போது கீகள் இருந்த தட்டில் இரண்டு வரிசை ஊசிகள் தெரியும். ஒவ்வொரு ஊசியிலும் ஒரு ஃபெல்ட் வளையம், அதன் அடியில் மெல்லிய காகித வளையங்கள். சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் மூன்று. தடிமனும் வேறு வேறு. அந்தக் காகிதங்கள்தான் 88 கீகளையும் ஒரே மட்டத்தில் நிறுத்துகின்றன. கம்பெனியில் யாரோ ஒருவர் ஒவ்வொரு கீயாகப் பார்த்துப் போட்டவை அவை. தூசு உறிஞ்சியை அப்படியே நீட்டினால் ஒரு நொடியில் எல்லாம் உள்ளே போய்விடும். குழாயின் வாயில் மெல்லிய வலைத்துணியைக் கட்டிக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசைக் கிளப்பி உறிஞ்சுங்கள். நாணயம், பென்சில், ஊக்கு, பல்பம் என்று என்னென்னவோ அகப்படும். ஒரு கீ மட்டும் கிணுகிணு என்று அதிர்ந்துகொண்டிருந்ததற்கான காரணமும் அனேகமாக அங்கேயே கிடக்கும்.

கீகளுக்குள் புதைத்திருக்கும் ஈயக் குண்டுகள் வெள்ளையாகப் பூத்து உப்பியிருந்தால் அந்தப் பொடியை ஊதாதீர்கள், தேய்க்காதீர்கள். அது விஷம். கையுறையும் முகக்கவசமும் போட்டு ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். கீயின் மேல் தகட்டில் அகலப் பகுதியும் ஒடுங்கிய பகுதியும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு தெரிந்து, உள்ளே மர இழை போல வரிகள் ஓடினால் அது யானைத் தந்தமாக இருக்கலாம். தந்தத்தைக் கொஞ்சமாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்துங்கள்; தண்ணீர் இறங்கினால் பசை விடும். சர்வதேசத் தந்த வணிகத்துக்கு 1989-ல் தடை முடிவானதால், தந்தக் கீ உள்ள வாத்தியத்தை நாடு தாண்டிக் கொண்டுபோக அனுமதிப் பத்திரம் தேவைப்படும். வாங்கும்போதே இதை நினைவில் வையுங்கள்.

ஒட்டும் கீகள், ஓயாத கிளிக் சத்தம்

கீ ஒட்டினால் ஆளாளுக்கு எண்ணெய் டப்பாவைத் தேடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். பியானோவுக்குள் எந்த எண்ணெயும், எந்த ஸ்பிரேயும் போகக் கூடாது. மரமும் ஃபெல்ட்டும் அதைக் குடித்து உப்பி, தூசோடு சேர்ந்து பிசினாகிவிடும். அப்புறம் அதை எடுப்பது பெரும்பாடு.

ஒட்டும் கீயைக் கையில் எடுங்கள். அதன் முன்பக்கத்துக்கு அடியில் நீள்சதுரமான துளை, அதன் இரு பக்கமும் சிவப்புத் துணி ஒட்டியிருக்கும். அந்தத் துணி ஈரத்தில் உப்பி ஊசியை இறுக்குவதுதான் பத்தில் எட்டுத் தடவை காரணம். கீயைத் திரும்ப ஊசியில் வைத்து, முன்முனையைச் சற்றுத் தூக்கி விடுங்கள். தன் கனத்தாலேயே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அந்தத் துணியை மரத்தோடு சேர்த்து மெல்ல அழுத்தும் இடுக்கி ஒன்று பியானோ கருவிகளில் கிடைக்கும். ஒரு அழுத்து, திரும்ப வைத்துப் பார், இன்னும் ஒரு அழுத்து, இப்படித்தான். ஒரேயடியாக அழுத்திவிட்டால் கீ இடம் வலமாக ஆடத் தொடங்கும். சில சமயம் கீயில் கோளாறே இருக்காது. முன்னால் இருக்கும் நீளச் சட்டம் ஈரத்தில் வளைந்து கீகளை உரசிக்கொண்டிருக்கும். ஆகவே இடுக்கியை எடுப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.

கீ நன்றாக இறங்கியும் சுத்தியல் சோம்பலாகத் திரும்பினால், கோளாறு சுத்தியலின் மூட்டில் இருக்கும் மெல்லிய ஊசியில். இதற்கென்றே டியூனர்கள் வைத்திருக்கும் திரவத்தில் ஒரு சிறு துளி அந்த மூட்டில் விட்டால் சரியாகும். சரியாகாவிட்டால் ஊசியை மாற்ற வேண்டும், அது கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. ஒவ்வொரு சுரத்துக்கும் "டிக் டிக்" என்று மரச்சத்தம் வந்தால் மூட்டுகளின் திருகுகள் தளர்ந்திருக்கின்றன. சரியான அளவு திருப்புளியால் வரிசையாக எல்லாவற்றையும் தொட்டு வாருங்கள். இறுக்கி முறுக்க வேண்டாம், மரத்தில் மரை போய்விடும். நிற்கும் வரை, அவ்வளவுதான். ஒரு மாலை நேரம் இதற்குச் செலவழித்ததில் என் பியானோவின் பாதி இரைச்சல் அடங்கிவிட்டது.

அப்ரைட்டில் ஒவ்வொரு சுத்தியலிலிருந்தும் முன்னால் நிற்கும் ஒரு வளைந்த கம்பிக்கு ஒரு சின்ன நாடா போகும். பழையதில் இந்த நாடாக்கள் இற்றுப்போய்த் தொங்கும். அவை இல்லாமலும் பியானோ ஒலிக்கும். ஆனால் வேகமாக வாசிக்கும்போது சுத்தியல் பின்தங்கும், ஆக்‌ஷனைத் தூக்கினால் கீழே இருக்கும் பாகங்களெல்லாம் தொங்கிவிடும், திரும்ப உட்கார வைக்க முடியாது. புது நாடாக்கள் 88-ம் ஒரு கட்டாகவே கிடைக்கும், ஒட்டும் வகையும் கிளிப் வகையும் உண்டு. எந்த வகை வாங்கினாலும் முதலில் ஒன்றை மட்டும் போட்டு, நீளம் பக்கத்துப் பழைய நாடாவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும். நீளம் குறைந்தால் சுத்தியலைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

சுத்தியலும் தொடுகையும்

சுத்தியலின் மூக்கில் கம்பி பதிந்து பதிந்து பள்ளம் விழுந்திருக்கும். பள்ளம் ஆழமாகாமல் ஃபெல்ட் இன்னும் தாராளமாக இருந்தால், மெல்லிய பலகைத் துண்டில் ஒட்டிய உப்புத்தாளால் தோளிலிருந்து மூக்கு நோக்கி இழுத்து, வெங்காயச் சருகு உரிவது போல ஒவ்வொரு படலமாக எடுக்கலாம். மூக்கின் உச்சியைக் குறுக்கே தேய்க்கவே கூடாது, தட்டையாகிவிடும். முட்டை வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். உச்சி ஸ்தாயிச் சுத்தியல்களில் ஃபெல்ட் மிகக் குறைவு, அங்கே இரண்டு இழுப்புக்கு மேல் வேண்டாம். ஊசி குத்தி ஒலியை மிருதுவாக்கும் வேலையை டியூனரிடம் விட்டுவிடுங்கள். உப்புத்தாள் எடுத்த ஃபெல்ட் எப்படித் திரும்ப ஒட்டாதோ, தவறாகக் குத்தியதும் அப்படித்தான்.

தொடுகையைச் சரிசெய்ய நினைவில் வைக்க வேண்டிய அளவுகள் மூன்று. கீ இறங்கும் ஆழம் சுமார் 10 மில்லிமீட்டர். ஓய்வில் சுத்தியலுக்கும் கம்பிக்கும் இடையே சுமார் 45 மில்லிமீட்டர். கீயை மிக மெதுவாக அழுத்தினால் கம்பிக்கு 3 மில்லிமீட்டர் முன்னால் சுத்தியல் விடுபட்டுத் திரும்ப வேண்டும். உங்கள் வாத்தியத்தின் கம்பெனி அளவு கிடைத்தால் அதையே பின்பற்றுங்கள். பழைய பியானோக்களில் முதலில் கண்ணில் படுவது, கீ கொஞ்சம் இறங்கிய பிறகுதான் சுத்தியல் அசையத் தொடங்கும் அந்த வெற்றுத் தொய்வு. கீயின் பின்முனையில் இருக்கும் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால் அது போய்விடும். எங்கெங்கோ ஆடிக்கொண்டிருந்த வாத்தியம் விரலோடு பேசத் தொடங்கும் இடம் இதுதான். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த கட்டமும் இது.

சுருதி சேர்ப்பது

முதல் சுருதியை டியூனரிடம் கொடுங்கள். நிறைய இறங்கிய பியானோவில் ஒரே தடவையில் சுருதி நிற்காது. ஒரு பக்கம் இழுவை ஏறும்போது ஒலிப்பலகை அமுங்கி, முன்பு சேர்த்தவை இறங்கிவிடும். அதனால் முதலில் வேகமாக ஒரு சுற்று மொத்தமாக ஏற்றுவார், அப்புறம் இரண்டாவது சுற்றில் நிதானமாகச் சேர்ப்பார். துருப்பிடித்த கம்பியை ஏற்றும் முன் ஒரு நூலிழை இறக்கி, துருவின் பிடியை விடுவித்துவிட்டு ஏற்றுவதைப் பார்ப்பீர்கள். அப்படியும் ஒன்றிரண்டு அறுபடலாம். அப்போது முகத்தை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். நீங்களே பழகிப் பார்க்க விரும்பினால் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சாவியைத் தொடாதீர்கள், ஒரு சுரத்தின் மூன்று கம்பிகளை ஒன்றாகச் சேர்ப்பதோடு தொடங்குங்கள். கம்பிகளை ஒட்டுமொத்தமாகத் தளர்த்தும் முயற்சி மட்டும் வேண்டவே வேண்டாம். டன் கணக்கான இழுவையைத் தாறுமாறாக இறக்கினால் இரும்புச் சட்டமே விரிசல் விடக்கூடும்.

முதல் வருஷம் மூன்று நான்கு தடவை சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். அதற்கப்புறம் வருஷத்துக்கு இரண்டு போதும்.

பெட்டியின் மெருகைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்டிகள் பலவற்றில் ஷெல்லாக் என்னும் அரக்குப் பூச்சு இருக்கும். மறைவான மூலையில் ஒரு துளி ஆல்கஹால் தொட்டுப் பார்த்தால் பிசுபிசுக்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஷெல்லாக் என்றால் உரித்துவிட்டுப் புதிதாக அடிக்கத் தேவையில்லை, அதன் மேலேயே மெல்லப் பூசி உயிர்கொடுக்கலாம். என் பியானோவில் வெள்ளை வட்டங்கள் இரண்டு இன்னும் இருக்கின்றன, அவசரமில்லை.

கீகளைத் திரும்ப அடுக்கும் முன் முதல் கீயின் பக்கவாட்டைப் பாருங்கள். டியூனர்கள் பென்சிலால் தேதி எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. என் பியானோவில் மூன்று கையெழுத்துகள், மூன்று தேதிகள் இருந்தன. கடைசித் தேதிக்கும் நான் வாங்கியதற்கும் இடையே பத்தொன்பது வருஷம். அவற்றுக்குக் கீழே அன்றைய தேதியையும், மாற்றிய நாடாக்கள், போட்ட பிருடை அளவு என்று செய்த வேலைகளையும் சின்ன எழுத்தில் எழுதினேன். நீங்களும் எழுதுங்கள், அடுத்து இதைத் திறப்பவர் முதலில் தேடுவது அதைத்தான்.